அயலான் கையில் தீப்பந்தம்

சேலம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், தெற்கே பச்சைமலையும் மேற்கே கொல்லிமலையும் நிற்க, சுவேத நதியின் கரைகளில் பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடுமாக விரிந்து கிடக்கிற கெங்கவல்லி வட்டத்து மக்களாகிய நாங்கள், இனப்படுகொலை என்பது கடலுக்கு அப்பால் யாரோ அந்நியருக்கு நேர்ந்த துன்பம் என்று எண்ணிக் கடந்துபோவதற்கு நியாயமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் சேர்த்தபோது, திருச்சி ஜில்லாவைப் போலவே அந்நாளைய சேலம் ஜில்லாவும் தன் ஏழைக் குடும்பங்களைக் கப்பலேற்றி அனுப்பியது. அப்படிப் போனவர்களின் சந்ததியாரில் பல லட்சம் பேரை, 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் எந்நாட்டுப் பிரஜைகளும் அல்லாதவர்களாக்கிற்று. 1983-க்குப் பிறகு அத்தீவிலிருந்து அலையலையாக வந்து சேர்ந்த மக்களுக்காக அமைந்த முகாம்களுள் ஒன்று எங்கள் வட்டத்து நாகியம்பட்டியில் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை நீக்கி, ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அழைக்கலாயிற்று. பெயர் எதுவாயினும், அங்கே வாழும் குடும்பங்கள் ஏன் அங்கே வாழ நேர்ந்தது என்ற வினா மட்டும் மாறவில்லை.

அந்த வினாவுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை மிக எளிது. ஓர் அரசாங்கம் கொடியதாக இருந்தது. ஓர் இராணுவம் கொடியதாக இருந்தது. ஆகவே மக்கள் ஓடி வந்தார்கள். இது பொய்யன்று; ஆனால் பாதி உண்மை. 1983-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கொழும்பு நகரத்துத் தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்தவர்களில் மிகப் பலர் இராணுவத்தினர் அல்லர். கடைச் சிப்பந்திகளும், ஆலைத் தொழிலாளிகளும், சந்தைக் கூலிகளும், வேலையற்ற இளைஞர்களும் அவர்களில் இருந்தனர். முந்திய வாரம் வரையில் அந்தத் தமிழர் கடைகளிலேயே அரிசியும் துணியும் வாங்கியிருந்த வாடிக்கையாளர்களும் கொள்ளையிடக் கூடினர். வீட்டில் தாய்க்கு அடங்கிய பிள்ளையாகவும், மனைவிக்கு இனிய கணவனாகவும், கோவிலுக்கோ விகாரைக்கோ பூக்கொண்டு போகிற பக்தனாகவும் வாழ்ந்த மனிதன், ஒரு திங்கட்கிழமை காலையில் அயல்வீட்டின் கதவை உடைக்கப் புறப்பட்டது எங்ஙனம்? இந்த வினாவைக் கேட்கத் துணியாத எந்தச் சமூகமும், தன் நடுவே அப்படியொரு காலை விடியாது என்று உறுதிகூற முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண மனிதனைக் கொலைகாரனாக்குவது பெருக்கெடுத்து ஓடும் துவேஷம் அன்று. துவேஷம் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் சிறிதளவேனும் இருந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் கொலையாக மாற்றுவது, ‘என்னை எவரும் கேட்கமாட்டார்கள்’ என்ற துணிவு. அந்தத் துணிவை அவன் தானே படைத்துக்கொள்வதில்லை. ஆண்டுக்கணக்கில், சட்டத்தாலும் மௌனத்தாலும், பிறர் அதை அவனுக்கு ஊட்டுகிறார்கள்.

கொழும்பில் நடந்ததை ஒழுங்காக நினைத்துப் பார்ப்போம். ஜூலை 23-ஆம் தேதி இரவு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விடுதலைப்புலிகள் நடத்திய தாக்குதலில் இராணுவத்தினர் 13 பேர் மாண்டனர். அவர்களுடைய உடல்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பாமல், தலைநகரத்துக் கனத்தை மயானத்தில் ஒருங்கே அடக்கம் செய்வதென்று அரசாங்கம் தீர்மானித்தது. 24-ஆம் தேதி மாலை ஆயிரக்கணக்கானோர் மயானத்தில் கூடிக் காத்திருந்தனர். உடல்கள் வரத் தாமதமாயிற்று. துக்கம் கோபமாகவும், கோபம் வெறியாகவும் மாறி, பொரளைப் பகுதியில் அன்றிரவே தமிழர் வீடுகளும் கடைகளும் எரியத் தொடங்கின. இதுவரையில் நடந்ததை ஒரு கூட்டத்தின் திடீர் ஆவேசம் என்று ஒருவர் வாதிக்கக்கூடும். மறுநாள் காலை நடந்ததை அப்படிச் சொல்ல எவராலும் இயலாது. அன்று காலை கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்றன. எந்த வீடு தமிழருடையது, எந்தக் கடை தமிழருடையது, எந்தக் கட்டடம் சிங்களவருக்குச் சொந்தமாயிருந்து தமிழர் வாடகைக்கு இருப்பது என்றெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிந்திய வகையில் கட்டடத்தை விட்டுப் பொருள்களை மட்டும் தெருவில் இழுத்துப்போட்டு எரித்தனர். ஆட்களை ஏற்றிச் செல்ல வாகனங்கள் வந்தன, பெட்ரோல் வந்தது. வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் புகை எழுந்தபோது, காவல் துறையினரும் இராணுவத்தினரும் பல இடங்களில் பார்த்துக்கொண்டு நின்றனர். சில இடங்களில் உற்சாகமும் ஊட்டினர். கண்டி, திருகோணமலை, பதுளை என்று தீ பரவிற்று. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வீடிழந்தனர். மாண்டவர்களை அரசாங்கம் நானூறுக்கு உட்பட்ட கணக்கில் அடக்கியது. மூவாயிரம் வரையில் இருக்குமென்று மற்றவர்கள் மதிப்பிட்டனர்.

அந்த வாரத்தின் மிகக் கொடிய காட்சி தெருவிலன்று, வெலிக்கடைச் சிறைச்சாலையிலே நடந்தது. ஜூலை 25-ஆம் தேதி 35 தமிழ்க் கைதிகளும், இரண்டு நாட்கள் கழித்து 27-ஆம் தேதி மேலும் 18 பேரும், உடனிருந்த சிங்களக் கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டனர். குட்டிமணியும் தங்கத்துரையும் ஜெகனும் முதல் நாளில் மாண்டனர். காந்தீயம் என்ற தொண்டு நிறுவனத்தை நடத்திய வைத்தியர் இராஜசுந்தரம் இரண்டாம் நாளில் மாண்டார். பூட்டிய கதவுகளுக்குப் பின்னால், அரசாங்கத்தின் நேரான காவலில், முதற்கொலை நடந்து இருபகல் கழிந்த பின்னும் இரண்டாவது கொலை நடந்தது. அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. கொன்றவர்களும் பல்வேறு குற்றங்களுக்காகச் சிறை புகுந்த சாமானியர்களே. முதல் நாள் செயலுக்கு ஒரு கேள்வியும் எழாததைத் தங்கள் கண்ணால் கண்டபின் இரண்டாவது நாளைக்கு வேறு தூண்டுதல் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்குமா?

அனைத்துலகச் சட்ட வல்லுநர்கள் ஆணையத்தின் சார்பில் 1984-இல் இலங்கைக்குச் சென்றுவந்த பால் சீகார்ட் என்ற ஆங்கில வழக்கறிஞர், இது சிங்கள மக்களிடையே தானாகப் பொங்கியெழுந்த இனவெறி அன்று, முன்கூட்டியே திட்டமிட்டு நடத்திய செயல்களின் தொடர் என்ற முடிவுக்கு வந்தார். அவர் கூற்று நமக்கு ஒரு முக்கியமான பாடத்தைத் தருகிறது. திட்டமிட்டவர்கள் சிலர், ஆனால் செய்தவர்கள் பலர். சிலர் தீட்டிய திட்டத்துக்குப் பலர் கைகொடுக்க முன்வந்தது ஏன் என்பதே ஆராயத்தக்கது. அதற்கான காரணத்தை ஜூலை மாதத்தில் தேடினால் கிடைக்காது. அதற்கு முந்திய கால் நூற்றாண்டில் தேடவேண்டும்.

1956-இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. ஒரு மொழியினர் ஆளப் பிறந்தவர், மற்றொரு மொழியினர் பொறுத்துக்கொள்ளப்படுகிறவர் என்பதை அரசாங்கமே முத்திரையிட்டுச் சொல்லிற்று. 1958-இல் தமிழர்மீது பெருங்கலவரம் மூண்டது. செய்தவர்கள் பெரும்பாலும் தப்பினர். 1977 ஆகஸ்டில் மீண்டும் மூண்டது. அதில் மலையகத் தோட்டத் தொழிலாளர்களும், அதாவது நம் சேலம், திருச்சிக் குடும்பங்களின் வழிவந்தவர்களும், அடிபட்டு வடக்கே ஓடினர். அந்தக் கலவரத்தை விசாரிக்க ஒரு கமிஷன் அமர்ந்தது; அறிக்கையும் வந்தது. ஆனால் 1982-இல் பாராளுமன்றம் இயற்றிய பொறுப்பு விலக்குச் சட்டம் ஒன்று, 1977 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து அம்மாதம் 31-ஆம் தேதி வரையில் ஒழுங்கை நிலைநாட்டும் பெயரால் அதிகாரிகள் செய்த செயல்களுக்கு வழக்கிலிருந்து விலக்கு அளித்தது. அதற்கு முந்திய ஆண்டில், 1981 மே மாதத்தின் இறுதி இரவிலிருந்து, யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் எரிக்கப்பட்டிருந்தது. அதற்கும் ஒருவர் பொறுப்பேற்கவில்லை. 1983 ஜூன் மாதத்தில், இறந்தவர் உடல்களை மரண விசாரணையின்றி அடக்கம் செய்யவோ எரிக்கவோ காவல் துறைக்கு அனுமதி தரும் அவசரகால விதி பிறந்தது. ஜூலை மாதத்தில் கொழும்புக் கடைச் சிப்பந்தி தெருவில் இறங்கியபோது, இந்தச் சட்டங்களின் எண்களை அவன் படித்திருக்கமாட்டான். ஆனால் அவற்றின் சாரத்தை நன்றாக அறிந்திருந்தான். தமிழனை அடித்தவன் எவனும் சிறை சென்றதில்லை என்பது அவனுடைய அநுபவ ஞானம். ஜூலை 28-ஆம் தேதி ஜனாதிபதி ஜெயவர்த்தனா தேசத்துக்கு ஆற்றிய உரையில், வீடிழந்து நின்ற மக்களுக்காக ஓர் ஆறுதல் வார்த்தையும் இல்லை. தான் எண்ணியது சரியே என்று அந்தச் சிப்பந்தி அன்றிரவு உறுதி செய்துகொண்டிருப்பான்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய இயல்பாயின் நாம் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அடுத்த ஆண்டே, 1984 நவம்பர் முதல் வாரத்தில், நம் நாட்டின் தலைநகரத்திலே, பிரதமர் இந்திரா காந்தி கொலையுண்டதை அடுத்து, கும்பல்கள் அதேபோல் வாக்காளர் பட்டியலோடும் மண்ணெண்ணெயோடும் சீக்கியர் வீடுகளைத் தேடிச் சென்றன. டில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசாங்கமே கணக்கிட்டது. அந்தக் கும்பல்களை நடத்திய பெரும்புள்ளிகளுள் ஒருவரான சஜ்ஜன் குமாருக்கு டில்லி உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதிக்க 2018 டிசம்பர் வரையில், முப்பத்து நான்கு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. வாக்காளர் பட்டியல் என்பது ஜனநாயகத்தின் ஆதார ஏடு; ஒவ்வொரு பிரஜைக்கும் சம மதிப்புண்டு என்பதற்கு அத்தாட்சி. இரண்டு தலைநகரங்களில் அது கொலைக்கு வழிகாட்டும் ஏடாயிற்று. ஆண்டாண்டு காலம் அருகருகே வாழ்ந்தவர்களை ‘அவர்கள்’ என்று பிரித்தெடுத்துக் காட்ட ஏதேனும் ஒரு தாள் எப்போதும் தேவைப்படுகிறது. ருவாண்டாவில் அது பெல்ஜிய ஆட்சியாளர் 1930-களில் வழங்கிய, இனத்தைக் குறித்த அடையாளச் சீட்டு. 1994-இல் சாலைத் தடைகளில் நின்றவர்கள் அந்தச் சீட்டைப் பார்த்தே ஒருவனை வாழவிடவோ வெட்டவோ செய்தார்கள்.

ருவாண்டாவின் நூறு நாட்களில் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் மாண்டனர்; கொன்றவர்களில் மிகப் பலர் நம்மைப் போன்ற குடியானவர்கள்; ஆயுதம் பெரும்பாலும் அவர்கள் வயலில் பயன்படுத்திய வெட்டரிவாள். ஸ்காட் ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்க அறிஞர் பின்னர் அந்நாட்டுச் சிறைகளில் இருநூறுக்கு மேற்பட்ட குற்றவாளிகளைக் கண்டு பேசினார். அவர்களில் பெரும்பாலோர் முன்னர், கொல்லப்பட்ட துத்ஸி இனத்து அயலாரோடு நல்லுறவு கொண்டிருந்தவர்களே. தீராத பகையைவிட, போர் தந்த அச்சமும், வாசலில் வந்து நின்று ‘நீயும் வா’ என்று அழைத்த தம் இனத்தாரின் நிர்ப்பந்தமுமே அவர்களை இழுத்துச் சென்றன என்று அவர் கண்டார். போலந்து நாட்டு யூசெஃபூவ் கிராமத்தில் 1942 ஜூலை 13-ஆம் தேதி நடந்ததும் இதையே சொல்கிறது. ஹாம்பர்க் நகரத்திலிருந்து திரட்டப்பட்ட, நடுத்தர வயதுடைய, பெரும்பாலும் தொழிலாளிகளான ஏறத்தாழ ஐந்நூறு ஜெர்மானியக் காவலர்களிடம், அன்று காலை அவர்களுடைய தலைவர் டிராப் என்பவர் கண்கலங்கியபடி வேலையை விளக்கிச் சொன்னார்: யூதப் பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் சுடவேண்டும்; இதற்கு மனம் ஒப்பாதவர்கள் இப்பொழுதே விலகி நிற்கலாம். முன்வந்து விலகியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்கள் தண்டிக்கப்படவில்லை. மற்றவர்கள் மாலைக்குள் குறைந்தது 1,500 பேரைச் சுட்டுத் தள்ளினார்கள். கிறிஸ்டபர் பிரௌனிங் என்ற சரித்திராசிரியர் அவர்களுடைய வாக்குமூலங்களை ஆராய்ந்து கண்ட காரணங்களில் தலையாயது இது: விலகினால் அந்த அருவருப்பான வேலை தோழர்களின் தலையில் விழும், அது கோழைத்தனமாகவும் துரோகமாகவும் தோன்றும். இந்த மனிதர்களுக்குத் தங்கள் கூட்டாளிகளின் கண்ணில் தாழ்ந்துபோவதைவிடக் குழந்தையைச் சுடுவது எளிதாயிருந்தது என்பது மனித சுபாவத்தைப் பற்றி நாம் அறிந்துள்ள செய்திகளில் மிகவும் அஞ்சத்தக்கது.

அஞ்சத்தக்க அந்தச் செய்திக்கு நிரூபணம் தேடி நாம் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகவேண்டியதில்லை. கெங்கவல்லியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், சித்தேரி மலையடிவாரத்தில், அரூரை அடுத்து வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமம் இருக்கிறது. எங்கள் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் வாழ்கிற மலையாளிப் பழங்குடியினரே அங்கும் வாழ்கிறார்கள். 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டைக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, வனத்துறையினர் 155 பேரும் காவல் துறையினர் 108 பேரும் வருவாய்த் துறையினர் 6 பேரும் அக்கிராமத்துக்குள் புகுந்தனர். வீடுகளை நொறுக்கினர், தானியத்தையும் கிணற்றையும் பாழாக்கினர், ஆண் பெண் வேறுபாடின்றி அடித்தனர், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினர், குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோரைச் சிறைக்கு அனுப்பினர். அது இனப்படுகொலை அன்று. அந்தச் சொல்லை எல்லா அநீதிக்கும் பூசினால் அதன் பொருள் தேய்ந்துவிடும். ஆனால் அதில் ஈடுபட்டவர்கள் யார் என்று பாருங்கள். 269 அரசாங்க ஊழியர்கள். பரீட்சை எழுதித் தேர்ச்சி பெற்று, மாதச் சம்பளம் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சொந்த ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை பெற்றுவந்த நம் தமிழ்நாட்டு மனிதர்கள். அந்த 269 பேரில் ஒருவராவது இடைமறித்து நிறுத்தினார் என்ற செய்தி நமக்கு எட்டவில்லை. மலைமேல் வாழ்கிறவன் கடத்தல்காரன், அவன் வீட்டுப் பெண்ணுக்கு மானம் பெரிதன்று என்ற எண்ணம் அவர்களுள் ஆழ்ந்து கிடந்தது. மேலதிகாரி உடன் இருந்தார். சகாக்கள் உடன் இருந்தனர். ஏழை மலைவாசியின் புகாரை எவன் கேட்கப் போகிறான் என்ற துணிவும் இருந்தது.

அந்தத் துணிவுதான் கடைசியில் பொய்த்தது. வாச்சாத்தியின் பெருமை அதிலேயே இருக்கிறது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டுக் கட்சியும் விடாது போராடின. நீதிமன்ற உத்தரவால் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. அந்தப் பெண்கள் பத்தொன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினர். 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக எஞ்சிய 215 பேரையும், ஒருவரையும் விடாமல், குற்றவாளிகள் என்று தீர்த்தது; 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கூட்டத்துக்குள் மறைந்துகொண்டால் முகம் தெரியாது என்று எண்ணுகிற ஒவ்வொரு மனிதனுக்கும் அந்தத் தீர்ப்பு ஓர் எச்சரிக்கை: கூட்டம் என்பது தனித்தனி மனிதர்கள், தண்டனையும் தனித்தனியாகவே வரும்.

இதற்கு நேர்மாறான பாடத்தைக் கீழ்வெண்மணி கற்பித்தது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கீழத் தஞ்சையில் நெற்கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் அடைபட்டு எரிந்து மாண்டனர். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. செல்வமும் அந்தஸ்தும் உடைய மிராசுதாரர்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அங்கே சொல்லப்பட்ட நியாயங்களுள் ஒன்று. 2012 நவம்பர் 7-ஆம் தேதி, நம் அண்டை மாவட்டமான தருமபுரியின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில், ஒரு கலப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து திரண்ட கும்பல் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளை எரித்தது. அந்தத் தீயில் உயிர்ச்சேதம் நேரவில்லை என்பது நம் பாக்கியம். ஆயினும், தெரிந்தெடுத்த ஒரு சாதியாரின் வீடுகள், சுற்று ஊரார் கூட்டம், பெட்ரோல் குண்டு, மாலைப்பொழுது முழுவதும் தடையின்றி நடந்த சூறை என்று பார்க்கும்போது, 1983 ஜூலைக்கும் அந்த நவம்பர் மாலைக்கும் இடையே உள்ளது அளவின் வேற்றுமையேயன்றி வகையின் வேற்றுமை அன்று.

இப்படி எழுதும்போது சிலர் வருந்தக்கூடும் என்பதை அறிவேன். 2009-இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த ஈழப் போரின் இறுதிக் கட்டத்தில் நாற்பதாயிரம் பேர் வரையில் மாண்டிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் சபைச் செயலர் அமைத்த நிபுணர் குழுவே 2011-இல் கூறியிருக்க, அந்த ஆறாத புண்ணோடு நம்முடைய குற்றங்களைச் சேர்த்துப் பேசுவது அந்தத் துயரத்தைச் சிறுமைப்படுத்தாதா என்று அவர்கள் கேட்பார்கள். சிறுமைப்படுத்தாது என்பதே என் உறுதியான எண்ணம். துன்புற்ற இனம் துன்புறுத்தாத இனம் ஆகிவிடாது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப்புலிகள் சுட்டுக் கொன்றனர். அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை, தமிழே தாய்மொழியாகப் பேசுகிற மக்களை, வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அன்று அயல்வீட்டுத் தமிழர் பலர் மனத்துக்குள் அழுதார்கள் என்பது மெய். வாய் திறக்க முடியவில்லை என்பதும் மெய். கொழும்பில் அயலான் வாய்மூடி நின்றதை நாம் குற்றமென்று சொன்னால், யாழ்ப்பாணத்து மௌனத்துக்கும் அதே துலாக்கோலைத்தான் பிடிக்கவேண்டும். நம் துயரத்துக்கு உலகம் செவிசாய்க்க வேண்டுமென்று கேட்கிற உரிமை, பிறர் துயரத்தில் நம் பங்கை ஒப்புக்கொள்கிறபோதுதான் முழுமை பெறுகிறது.

வேறொரு மறுப்பும் உண்டு. சாதாரண மனிதனின் சூழ்நிலையை இவ்வளவு விளக்கினால் அவன் குற்றத்தை மன்னித்ததாகாதா? ஆகாது. கொழும்பிலே அதே ஜூலையில், அதே தெருக்களில், எண்ணற்ற சிங்களக் குடும்பங்கள் தமிழரைத் தம் வீட்டு உள்ளறைகளில் ஒளித்துவைத்து, வாசலில் வந்து நின்ற கும்பலிடம் ‘இங்கே யாரும் இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பின. இன்று உயிரோடிருக்கும் பலர் அந்தச் சொல்லால் பிழைத்தவர்கள். ஒளித்துவைத்தவர்களும் அதே பள்ளிக்கூடத்தில் அதே சரித்திரத்தைப் படித்தவர்கள். அதே வானொலியைக் கேட்டவர்கள். அதே ஆபத்துக்கு உட்பட்டவர்கள். யூசெஃபூவில் விலகி நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் அதே சீருடை அணிந்தவர்கள். ஆகவே சூழ்நிலை மனிதனைத் தள்ளுகிறது. ஆனால் விழுவதா நிற்பதா என்ற தீர்மானம் அவனிடமே இருக்கிறது. விலகி நிற்க வழியிருந்தது என்பதாலேயே, விலகாதவன் தண்டனைக்கு உரியவன்.

ஆனால் நிற்பதற்குரிய பலத்தை அந்தக் கடைசி நாளில் தேடினால் கிடைக்காது. ஏரிக்கரையில் எலி தோண்டிய வளையைக் கோடையில் ஒரு கூடை மண் அடைத்துவிடும். கார்த்திகை மழையில் கரை உடைந்த இரவில் ஊரே திரண்டாலும் அடைக்க முடியாது. கும்பல் வாசலுக்கு வந்துவிட்ட வேளையில் ஒரு தனிமனிதன் காட்டக்கூடிய வீரம் அளவுடையது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பாக, தேநீர்க் கடையில் ஒரு சமூகத்தைப் பற்றி இழிசொல் பேசப்படும்போது ‘அப்படிச் சொல்லாதே’ என்று ஒருவன் சொல்வதற்குப் பெரிய வீரம் தேவையில்லை. அந்தச் சிறிய மறுப்பு, பேசியவனுக்கு மட்டுமன்று, கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களுக்கும் ஓர் உண்மையைத் தெரிவிக்கிறது: எல்லாரும் தன் பக்கம் இல்லை. கொலைகாரக் கூட்டம் வாழ்வதே ‘எல்லாரும் நம் பக்கம்’ என்ற பொய்யின்மேல்தான். இன்று அந்த இழிசொல் தேநீர்க் கடையோடு நிற்பதில்லை. சாதிப் பெயரும் மதப் பெயரும் தாங்கிய வாட்ஸ்ஆப் குழுக்களின் வழியே, நம் கல்லூரிப் பிள்ளைகளின் சட்டைப் பைக்குள் நாள்தோறும் வந்து விழுகிறது. பெற்றோரும் ஆசிரியரும் அதைக் கண்டும் காணாதவர்போல் இருப்பது, கனத்தை மயானத்தில் கூட்டம் கூடட்டும் என்று விட்டுவிட்ட அரசாங்கத்தின் அலட்சியத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

தனிமனிதர் செய்யவேண்டியது அதுவாயின், அரசாங்கம் செய்யவேண்டியது ஒன்று நிலுவையிலேயே கிடக்கிறது. 1948 டிசம்பர் 9-ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை நிறைவேற்றியது; இந்தியா 1959-இல் அதை முறையாக ஏற்றது. ஏற்ற நாடுகள் தத்தம் சட்டத்தில் இனப்படுகொலையைத் தனிக் குற்றமாக்கித் தண்டனை விதிக்கவேண்டும் என்பது அதன் ஷரத்து. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நாம் அதைச் செய்யவில்லை. சஜ்ஜன் குமார் வழக்கின் தீர்ப்பில் டில்லி உயர்நீதிமன்றமே இக்குறையைச் சுட்டிக்காட்டி, இந்த ஓட்டையை உடனடியாக அடைக்கவேண்டும் என்று கூறியது. அதற்குப் பின் பழைய தண்டனைச் சட்டம் நீங்கிப் புதிய நியாய சன்ஹிதை வந்தது. ஓட்டை மட்டும் அப்படியே வந்திருக்கிறது. ஈழத் தமிழருக்கு நேர்ந்தது இனப்படுகொலை என்று மேடைதோறும் முழங்குகிற நம் பாராளுமன்ற உறுப்பினர்கள், அந்தக் குற்றத்துக்கு இந்தியச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை என்பதை எடுத்துக்காட்டி ஒரு மசோதாவைக் கொண்டுவரும்படி நிர்ப்பந்திக்க வேண்டும். அவர்களை நிர்ப்பந்திப்பது வாக்காளராகிய நம் கடமை.

அதோடு, தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவனும் பத்தாம் வகுப்பை முடிக்குமுன் வெலிக்கடையையும் கீழ்வெண்மணியையும் காத்தான்குடியையும் வாச்சாத்தியையும் சேர்த்துப் படிக்கவேண்டும். தன் இனத்தார் துன்புற்றதை மட்டும் படிக்கிற பிள்ளை பழிவாங்கக் கற்றுக்கொள்கிறான். இரண்டையும் படிக்கிற பிள்ளை, கூட்டம் தன்னை அழைக்கிற நாளில் எந்தப் பக்கம் நிற்பதென்று யோசிக்கக் கற்றுக்கொள்கிறான். இதைப் படிக்கிற அன்பருக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இது: உங்கள் தெருவில், உங்கள் சொந்தக்காரர் நடுவில், உங்கள் சாதிச் சங்கத்தின் கூட்டத்தில், அயலானை மனிதனல்லன் என்று சொல்கிற முதற்குரல் எழும்போது, எழுந்து மறுத்துப் பேசுங்கள். உங்களுக்குப் பின் பேசக் காத்திருப்பவர்கள் நீங்கள் எண்ணுவதைவிட அதிகம்.